இன்னொரு வருஷம்

நீட் முடிவு வந்து, இந்த மார்க்குக்கு சீட் கிடைக்காது என்று தெரிந்த மறுநிமிடமே வீட்டில் அடுத்த கேள்வி வந்துவிடுகிறது: மறுபடி எழுதலாமா? அப்பாவிடம் ஒரு பதில் இருக்கும். பெரியப்பாவிடம் ஒன்று இருக்கும். கோச்சிங் சென்டரிலிருந்து போன் செய்கிறவரிடம் கட்டண விவரத்தோடு ஒன்று இருக்கும். எழுதப்போகிற பிள்ளையைக் கடைசியில்தான் கேட்பார்கள். அரசுப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன் என்பதால் ஒவ்வொரு ஜூனிலும் இந்தக் கேள்வி என்னிடமும் வரும். எத்தனை மார்க் என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், மார்க் எங்கே போனது என்று பார்த்துவிட்டுப் பேசுவோம் என்பேன்.

அக்கா மகளுக்கும் அதைத்தான் செய்தோம். விடைக்குறிப்பும் ஸ்கேன் செய்த ஓஎம்ஆர் தாளும் இணையத்தில் கிடைக்கின்றன. வினாத்தாள் கையிலேயே இருந்தது. 180 கேள்விகள், அதில் உயிரியல் மட்டும் 90. சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழிவு. ஒவ்வொரு கேள்வியின் ஓரத்திலும் பென்சிலால் குறித்துக்கொண்டே போனாள்: தெரியாமல் விட்டது, தெரிந்தும் தப்பாகப் போட்டது, குத்துமதிப்பாகப் போட்டது. உயிரியலில் பாடப்புத்தகத்தை வரி விடாமல் படித்திருந்தது தெரிந்தது. இயற்பியலுக்கு வந்தபோது பக்கம் பக்கமாக வெறுமை. சுழற்சி இயக்கம், மின்னோட்டம், ஒளியியல் எல்லாமே விடுபட்டிருந்தன. "ஃபார்முலா தெரியும் சித்தி, எதை எங்க போடணும்னுதான் தெரியல" என்றாள். அந்தத் தாளைப் பார்த்தபோது இவளுக்குத் தேவைப்படுவது அவகாசம்தான் என்று எனக்குத் தோன்றியது. எல்லாப் பாடத்தையும் படித்து முடித்து, எல்லாப் பாடத்திலும் பரவலாகத் தவறு விட்டிருக்கிற பிள்ளைக்கு நான் அவ்வளவு எளிதாக 'எழுது' என்று சொல்லமாட்டேன். படித்த விதம் மாறாமல் வருஷம் மட்டும் கூடினால் மார்க் பெரிதாகக் கூடுவதில்லை.

முதல் முறை கிடைக்கவில்லை என்று கூனிக் குறுகுகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. பல வருஷம் நுழைவுத் தேர்வே இல்லாமல் பிளஸ் டூ மதிப்பெண்ணில் மருத்துவம் சேர்ந்த மாநிலம் இது. 2017-இல் நீட் வந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஏ.கே.ராஜன் குழுவின் 2021 அறிக்கைப்படி, 2016-17-இல் இங்கே மருத்துவம் சேர்ந்தவர்களில் 12 விழுக்காடு பேர்தான் முந்தைய வருஷங்களில் பிளஸ் டூ முடித்தவர்கள்; 2020-21-இல் அது 71 விழுக்காடு ஆகிவிட்டது. மார்ச்சில் பொதுத்தேர்வு, மே முதல் வாரத்தில் நீட். தமிழ் வழியில் படித்து, பக்கம் பக்கமாக விடை எழுதிப் பழகிய பிள்ளைக்கு இடையில் கிடைப்பது சில வாரங்கள். அதில் தவறினால் அவள் மட்டம் என்று யார் சொல்ல முடியும்?

ஆனால் அந்த இன்னொரு வருஷத்தைக் காசு உள்ளவர்கள் சுலபமாக வாங்கிவிடுகிறார்கள். 2020-இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே கதவைத் திறந்தது. கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அந்தக் கதவு வரை போய்ச் சேருகிற வருஷத்துக்குச் சோறு போடுவது குடும்பம்தான். வீட்டில் இருக்கிற பெண் என்றால் அதற்குள் மாப்பிள்ளைப் பேச்சு வேறு எழும்.

மூன்றாம் முறை, நான்காம் முறை என்று போவதைப் பற்றி எனக்குக் கவலை அதிகம். எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு வரம்பில்லை. உச்ச வயது வரம்பையும் 2022-இல் எடுத்துவிட்டார்கள். போதும் என்று வெளியிலிருந்து யாரும் சொல்லப்போவதில்லை. ஆகவே ஆரம்பிக்கும் முன்பே எதுவரை என்று பிள்ளையே சொல்லிவிட வேண்டும். கால்நடை மருத்துவம், செவிலியர் படிப்பு, இயற்கை மருத்துவம் எல்லாம் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணிலேயே கிடைப்பவை. நீட் ஒன்றையே நினைத்துக்கொண்டு அவற்றுக்கு விண்ணப்பிக்கும் தேதியைக் கோட்டைவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எழுதுவதோ விடுவதோ, விண்ணப்பத்தை முதலில் போட்டுவிடுங்கள்.

அக்கா மகளும் போட்டாள். கால்நடை மருத்துவத்துக்கு அவள் மதிப்பெண் எட்டவில்லை. செவிலியர் படிப்புக்கு இடம் வந்தது. இரண்டு நாள் யோசித்தாள், நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு, ஒரே ஒரு முறை எழுதுகிறேன், கிடைக்காவிட்டால் அடுத்த ஜூனில் செவிலியர் படிப்புக்கே போய்விடுகிறேன் என்றாள். விடுதியில் தங்கிப் படிக்கும் கோச்சிங் வேண்டாம், இயற்பியலுக்கு மட்டும் டியூஷன் போதும் என்றாள். அக்காவிடம் இன்னொன்றும் சொன்னாள்: "கல்யாணம் காட்சின்னு போற இடத்துல யாராவது என்ன படிக்கிறான்னு கேட்டா, நீதாம்மா பதில் சொல்லணும். என்னைக் கூப்பிட்டு நிறுத்தாத." அக்கா சரி என்றாள்.