தாங்குதிறனும் மிகை மாந்தரும்

குடித்தொகைச் சூழலியலிற் பயிலும் எண்ணக்கருக்களுள் 'தாங்குதிறன்' என்பது எளிதில் விளங்குவது. எளிதிற் பிழையாகவும் கையாளப்படுவது. பெல்ஜியக் கணிதவியலாளர் வெர்ஹூல்ஸ்ற் 1838 இல் வகுத்த சமன்பாடே இதன் மூலம் எனலாம். ஓரினத்தின் தொகை சிறிதாயிருக்கையில் மடங்கு மடங்காகப் பெருகும். எல்லையின் பாதியை எட்டும்போது அதிகரிப்பு உச்சமடையும். எல்லையை அணுக அணுகத் தளர்ந்து, ஈற்றிற் பிறப்பும் இறப்பும் சமனாகும். அவ்வெல்லையே பின்னாளில் தாங்குதிறன் எனப் பெயர் பெற்றது.

இயற்கையோ இவ்வளைகோட்டுக்கு எப்பொழுதும் பணிந்து நடப்பதில்லை. பேரிங் கடலிலுள்ள சென் மத்தியூ தீவில் 1944 இல் ஐக்கிய அமெரிக்கக் கரையோரக் காவற்படையினர் 29 துருவ மான்களைக் கொண்டுவந்து விட்டனர். போர் முடிந்து மனிதர் நீங்கினர்; வேட்டையாடும் விலங்கும் அங்கில்லை. 1957 இல் மான்கள் 1,350 ஆயின. 1963 இல் ஏறத்தாழ 6,000. அடுத்து வந்த கடுங்குளிர் காலத்தில் அவை பெரும்பாலும் மடிந்தன. 1966 இல் எஞ்சியவை 42. அவற்றுள் ஆண் ஒன்றே. பின்னர் அவையும் அற்றுப்போயின. குளிர்கால உணவாகிய இலைக்கன் மிக மெதுவாக வளர்வது. அதனை மேய்ந்தழித்த மான்கள் எல்லையைக் கடந்ததோடு நில்லாது, எல்லையையே தாழ்த்திவிட்டன. தாங்குதிறன் நிலத்தின் மாறாப் பண்பன்று, நிலத்துக்கும் அதனை உண்போருக்குமிடையிலான தொடர்பு என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

'இத்தீவு இத்தனை மான்களையே தாங்கும்' என்பது ஒரு செய்தி. 'இவ்வுலகு இத்தனை மனிதரையே தாங்கும்' என்பதும் அவ்வாறே தோன்றும். ஆனால் ஒரு மான் உண்பதை ஏறக்குறைய மற்றொன்றும் உண்ணும். மனிதர் நிலை அத்தகையதன்று. தலைகளை மட்டும் எண்ணுவோன், எவர் எவ்வளவு நுகர்கின்றனர் என்னும் வினாவை எழுமுன்னரே மூடிவிடுகிறான். அன்றியும், 'மிகை' எனக் கணக்கிடுவோர் தம்மை அக்கணக்கிற் சேர்த்ததாக அறியோம். 1974 இல் கரெற் ஹார்டின் செல்வ நாடுகளை உயிர்காப்புப் படகுகளாக உவமித்து, நீரில் தத்தளிக்கும் வறியோரை ஏற்றலாகாது என வாதிட்டார். படகில் ஒருவர் பதின்மருக்குரிய இடத்தைப் பிடித்திருக்கக்கூடும் என்பதை அவ்வுவமை காட்டவில்லை.

இத்தகைய சிந்தனைக்கு ஒரு வரலாறும் உண்டு. 1845 இல் தொடங்கிய அயர்லாந்துப் பஞ்சத்திற் பத்து இலட்சம் பேரளவில் மாண்டனர். அக்காலத்தும் அந்நாட்டிலிருந்து தானியம் ஏற்றுமதியாயிற்று. நிவாரணத்தை நிருவகித்த திரெவெல்யன், மால்தஸ் ஆசிரியராயிருந்த கல்லூரியிற் பயின்றவர். 1943 வங்காளப் பஞ்சத்தை ஆராய்ந்த அமர்த்தியா சென் 1981 இல் வெளியிட்ட நூலில், உணவின்மையினும் உணவைப் பெறும் உரித்தின்மையே முதற்காரணம் என நிறுவ முயன்றார்.

இதனால் எல்லையே இல்லை என வாதிடுவதும் பொருந்தாது. இலைக்கன் போல மெல்லவே மீளும் மண்ணும் நீரும் மீனும் மனிதருக்கும் உள; அவற்றை இழக்கப்போகும் பிறவாதோர் எந்தக் குடிக்கணக்கிலும் இடம்பெறார். எனினும் எல்லையை எதிர்கொள்ள மானுக்கில்லாத வழி மனிதனுக்குண்டு. இலங்கையில் 1946 இல் ஆயிரவர்க்கு 20 அளவிலிருந்த இறப்பு வீதம் மறு ஆண்டே 14 அளவுக்கு வீழ்ந்தபோது, குடித்தொகை பெருவெள்ளமாகும் என அஞ்சப்பட்டது. 1950களின் தொடக்கத்தில் ஒரு பெண்ணுக்கு ஐந்துக்கு மேலிருந்த பிள்ளைப்பேறு, நூற்றாண்டின் இறுதியில் இரண்டை அண்மித்தது. அதற்குப் பஞ்சம் வேண்டியிருக்கவில்லை. பெண் கல்வியும், பிந்திய திருமணமும், பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கையும், குடும்பத்திட்டச் சேவைகளுமே அதனைப் பெரிதும் நிகழ்த்தின.