பழவேற்காட்டு இடுகாடும் உயிர்ப்பின் சாட்சிகளும்

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் விட்டுச்சென்ற 17ஆம் நூற்றாண்டு இடுகாட்டின் வாயிலில் எலும்புக்கூட்டு உருவங்கள் கல்லில் செதுக்கப்பட்டு நிற்கின்றன. சாவை இவ்வளவு அப்பட்டமாகக் காட்டியவர்களே, உள்ளே புதைக்கப்பட்ட உடல்கள் இறுதிநாளில் எழும் என்றும் நம்பினார்கள். கி.பி. 30ஐ ஒட்டி எருசலேமில் சிலுவையில் அறையப்பட்ட இயேசு மூன்றாம் நாள் எழுந்தார் என்ற செய்தியே அந்த நம்பிக்கைக்கு அடிப்படை. இதனைக் கத்தோலிக்கர் பெரும்பாலும் ‘உயிர்ப்பு’ என்றும், சீர்திருத்தச் சபையினர் ‘உயிர்த்தெழுதல்’ என்றும் வழங்குவர்.

இது மறுபிறப்பன்று. மறுபிறப்பில் உயிர் ஓர் உடலை நீத்து வேறோர் உடலை எடுக்கிறது. உயிர்ப்பிலோ மாண்ட அதே ஆள், அதே உடலோடு, ஆனால் சாவு இனித் தீண்டாத நிலைக்கு மாற்றப்பட்டு எழுகிறார். 1632 முதல் 1642 வரை பழவேற்காட்டில் டச்சுப் போதகராயிருந்த ஆபிரகாம் ரோஜேரியுஸ், பத்மநாபன் என்னும் பிராமணரிடம் கேட்டறிந்து எழுதிய நூல் 1651இல் லைடனில் அச்சாகி இந்து சமய நம்பிக்கைகளை ஐரோப்பியருக்கு விரித்துரைத்தது என்பதால், இவ்விரு கருத்துகளும் ஒன்றையொன்று அறிய நேர்ந்த களங்களுள் இவ்வூரும் ஒன்று எனலாம்.

உயிர்ப்பை நம்புவதற்குக் காட்டப்படும் காரணங்களுள் வலுவானது சாட்சியத்தின் பழமை. கி.பி. 55ஐ ஒட்டித் திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் 15ஆம் அதிகாரத்தில், எழுந்த இயேசுவைக் கண்டவர்களாகப் பேதுரு, பன்னிருவர், ஐந்நூறுக்கு மேற்பட்டோர், யாக்கோபு ஆகியோரை வரிசைப்படுத்தி, இது தாம் பிறரிடமிருந்து பெற்றுக்கொண்ட மரபு என்கிறார். அவர் மனமாறி மூன்று ஆண்டுகளுக்குப் பின் எருசலேம் சென்று பேதுருவுடன் பதினைந்து நாள் தங்கி, யாக்கோபையும் கண்டதாகக் கலாத்தியர் மடலில் குறிப்பிடுவதால், நிகழ்ச்சி நடந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே இச்செய்தி வாய்மொழியாக உருப்பெற்றுவிட்டது என்று ஆய்வாளர் பலர் கொள்கின்றனர். அப்பட்டியலில் உள்ள யாக்கோபு இயேசுவின் சகோதரர். இயேசு உயிரோடிருந்தபோது அவருடைய சகோதரர்கள் அவரை நம்பவில்லை என்று யோவான் நற்செய்தியே ஒத்துக்கொள்ள, இவரோ பின்னர் எருசலேம் சபைக்குத் தலைவராகிக் கி.பி. 62இல் கொல்லப்பட்டார். வீட்டாரை நம்பவைப்பது ஊராரை நம்பவைப்பதைவிடக் கடினம் என்பதால், இம்மாற்றத்துக்கு விளக்கம் தேவைப்படுகிறது.

கல்லறை வெறுமையாயிருந்ததை முதலில் கண்டவர்கள் பெண்கள் என்று நற்செய்திகள் நான்கும் கூறுவதும் கவனிக்கத்தக்கது. பெண்களின் சாட்சியத்துக்கு அக்காலத்தில் மதிப்புக் குறைவாதலால், கதை கட்டியவர் எவரும் அவர்களை முன்னிறுத்தியிருக்க மாட்டார் என்பது வாதம். எனினும் வெறுங்கல்லறை தனித்து எதையும் நிறுவாது. உடல் திருடப்பட்டது என்ற பேச்சு அன்றே எழுந்ததை மத்தேயு மறைக்கவில்லை. சீடர்கள் உயிரைக் கொடுத்தார்கள் என்று பலர் அழுத்திச் சொல்லும் வாதமும் அவர்களது நேர்மையைக் காட்டுமேயன்றி, அவர்கள் கண்டது உண்மை என்பதைக் காட்டாது.

மறுப்போரின் காரணங்களும் எளியவையல்ல. மாற்கு நற்செய்தியின் மிகப் பழைய படிகள் பெண்கள் அஞ்சி ஓடியதோடு முடிந்துவிடுகின்றன. காட்சிகள் நிகழ்ந்த இடம் கலிலேயாவா எருசலேமா என்பதில் நூல்கள் வேறுபடுகின்றன. துயருற்றோர் இறந்தவரைக் கண்டதாக உணர்வது பல சமூகங்களிலும் உண்டு. இயற்கையின் ஒழுங்கு மீறப்பட்டது என்பதைவிட, அப்படிச் சொல்லும் சாட்சியம் பிழைபட்டிருப்பதே இயல்பு என்று மெய்யியலாளர் டேவிட் ஹியூம் 1748இல் வாதிட்டார். கடவுள் உண்டா என்ற கேள்விக்கு முன்பே ‘இல்லை’ என விடை கூறியவருக்கு இவ்வாதம் முடிந்த முடிபு. மற்றவருக்கு அது தொடக்கமே. வரலாறு, சீடர்கள் எதையோ கண்டதாக உறுதியாக நம்பினர் என்பது வரை கொண்டுசெல்கிறது. அதற்கு மேல் செல்வது கடவுளைப் பற்றிய தீர்ப்பையே சார்ந்தது.

ஆவியைக் கண்டதாக அஞ்சிய சீடர்கள் முன் இயேசு சுட்ட மீனை உண்டார் என லூக்கா எழுதுவது, கண்டது உடலே என வலியுறுத்தத்தான். யோவானின் கடைசி அதிகாரத்தில், இரவெல்லாம் வலை வீசியும் ஒன்றும் படாத எழுவர், விடியலில் கரையில் நின்றவர் சொன்னபடி வலை வீசி மிகுதியாக மீன் பிடித்துக் கரையேறும்போது, அங்கே நெருப்பில் மீன் வேகக் காண்கிறார்கள். ஏரியை நம்பிப் பிழைக்கும் பழவேற்காட்டுக் குப்பங்களில் இக்காட்சிக்கு உரை தேவைப்படாது. ஆயினும் அங்கும், நிற்பவர் ஆண்டவரே என்று அறிந்திருந்தும், ‘நீர் யார்’ என்று கேட்க எவருக்கும் துணிவு வரவில்லை என்று யோவான் எழுதிவைத்திருக்கிறார்.