குழந்தைச் செல்வமும் கருவூட்டல் சிகிச்சையும்

மணமாகி ஓரிரு ஆண்டுகள் கழிந்தும் மடி நிறையாவிட்டால் நம் இல்லங்களில் முதற்பழி மருமகள் மீதே விழுகிறது. மருந்து அவளுக்கு, ஓதிப் பார்ப்பது அவளுக்கு, ஏச்சும் அவளுக்கு. கணவனைச் சோதித்தார்களா என்று கேட்பார் இல்லை. இது நீதிதானா?

பிள்ளையின்மைக்கான காரணங்களில் ஏறத்தாழச் சரிபாதியில் ஆணுக்கும் பங்குண்டு என்கிறது மருத்துவம். கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியில் இரும்பு உருக்கும் உலைகளும் கம்பி உருட்டும் ஆலைகளும் உள்ளன. விந்து உற்பத்தியாகும் உறுப்பு உடலின் சூட்டைவிடச் சற்றுக் குளிர்ந்திருக்குமாறு அல்லாஹ் அமைத்திருக்கிறான். அனலின் முன் நாள்தோறும் நெடுநேரம் நிற்பவருக்கும், ஈயத்தூசி படும் வேலை பார்ப்பவருக்கும் விந்தணுக்கள் குறைய வாய்ப்புண்டு. குடும்பத்துக்காக உழைத்ததால் வந்த குறையில் வெட்கப்பட என்ன இருக்கிறது? சோதனைக்கு மறுத்து, பழியை மனைவி சுமக்க விடுவதே வெட்கத்துக்குரியது.

குறை சிறிதாயின் டாக்டர்கள் 'ஐ.யு.ஐ.' என்னும் சிகிச்சையைச் சொல்வதுண்டு. கணவனின் விந்தைச் சுத்திகரித்து, வீரியமுள்ள அணுக்களைத் திரட்டி, சினைமுட்டை வெளிப்படும் வேளையில் மெல்லிய குழாய் வழியே மனைவியின் கருப்பையில் செலுத்துவர். சில நிமிட வேலைதான். மயக்க மருந்து தேவையில்லை. சினைக்குழாய் ஒன்றேனும் அடைப்பின்றி இருக்க வேண்டும். ஒரு தவணையில் பத்துப் பேரில் ஓரிருவருக்கே பலிக்கும். ஆகவே கடன் வாங்குமுன் கணக்குப் பார்ப்பது நல்லது.

இது இறைவிதியை மீறுவதாகுமா? ஆகாது. நோய்க்கு மருந்து தேடும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே ஏவியிருக்கிறார்கள். மருந்தைத் தேடுவது நம் கடமை. பலன் அவன் கையில். எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷைகு ஜாதல் ஹக் அவர்கள் 1980-இலேயே கணவனின் விந்தை மனைவிக்குச் செலுத்துவது கூடும் எனத் தீர்ப்பளித்தார்கள். 1986 அக்டோபரில் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியும், தேவை ஏற்படின் உரிய எச்சரிக்கையோடு இதனைச் செய்யலாம் என முடிவு செய்தது.

எல்லைக்கோடு நிக்காஹ்தான். அந்நியரின் விந்து வேண்டவே வேண்டாம்; நஸப் கலந்துவிடும். நமது நாட்டின் 2021-ஆம் ஆண்டுச் சட்டம் தானமாகப் பெற்ற விந்தை அனுமதிக்கிறது. சட்டம் அனுமதிப்பதெல்லாம் ஹலாலாகிவிடாது. தலாக்கினாலோ மரணத்தினாலோ நிக்காஹ் முடிந்தபின், சேமித்து வைத்த விந்தைப் பயன்படுத்துவதும் கூடாது.

எனவே திருவள்ளூரில் பார்த்தாலும் சென்னைக்குப் போனாலும், அச்சட்டப்படி பதிவு பெற்ற மருத்துவமனைதானா என்று கேளுங்கள். குப்பியின் மேல் இருவர் பெயரும் சரியாக உள்ளதா என்று பாருங்கள். கையெழுத்திடுமுன் ஒப்புதல் படிவத்தைப் படியுங்கள். புரியாவிடில் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். வம்சம் ஓர் அமானிதம். அதில் கூச்சத்துக்கு இடமில்லை. பெண் டாக்டர் கிடைப்பின் அவரிடமே செல்வது பேணுதலாகும்.

அத்தனையும் செய்தும் பலிக்காமற் போகலாம். ஆண்மகவு, பெண்மகவு, இரண்டும், இரண்டுமின்மை ஆகிய நான்கும் அவன் நாட்டமே என்று அஷ்ஷூரா அத்தியாயம் உணர்த்துகிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குப் பிள்ளைப்பேறு இல்லை. அதனால் அவர்களின் மதிப்பு அணுவளவும் குறைந்ததா? உம்மத்துக்கே தாயானார்கள், ஸஹாபாக்களும் அவர்களிடம் மார்க்கம் கேட்டு வந்தார்கள். அப்படியிருக்க, பிள்ளை இல்லை என்பதற்காக ஒரு பெண்ணை 'மலடி' எனச் சுடுசொல் கூறுவோர் நாளை மறுமையில் என்ன பதில் சொல்வார்கள்?

நாடுவோருக்கு ஸாலிஹான மக்களையும், நம் நாவுகளுக்கு அடக்கத்தையும் அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.