எடுத்தவர் நின்ற இடம்

புகைப்படங்களை அடுக்கிவைக்கும் டிஜிகேம் மென்பொருளில் வரைபடப் பக்கத்தைத் திறந்தால் என் பத்து வருட ஊர்சுற்றல் ஒரே பார்வையில் விரிகிறது. மதுரையின் மேல், அங்கே எடுத்த படங்களின் எண்ணிக்கையாக, 412 என்றொரு எண். பெரிதாக்கினால் அது உடைந்து, வைகைக் கரையில் சில, புதுமண்டபத்தில் சில, எங்கள் தெருவில் மிகச் சில என்று பிரியும்.

கன்னியாகுமரியில்தான் குழம்பினேன். நான் எடுத்தது பாறை மேல் பீடத்தோடு 133 அடி உயரமாக நிற்கும் வள்ளுவர் சிலையை. படத்தைக் குறிக்கும் புள்ளியோ கரையில் கிடந்தது. மென்பொருளின் தவறு என்று நினைத்து, அதைக் கடலுக்குள் இழுத்துவைக்கப் போனேன். பிறகுதான் உறைத்தது. செல்பேசி குறித்தது சிலை இருக்கும் இடத்தை அல்ல, நான் நின்ற இடத்தை. செயற்கைக்கோள் சமிக்ஞைகளிலிருந்து தான் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டு, அட்சரேகை, தீர்க்கரேகையாகப் படத்தின் எக்ஸிஃப் தகவலில் அது எழுதிவைக்கிறது. கேமரா எந்தத் திசையைப் பார்த்தது என்று எழுதவும் அதில் இடமுண்டு. என்ன பார்த்தது என்று செல்பேசி எழுதுவதில்லை. ஆக, இந்த வரைபடத்தில் இருப்பவை நான் பார்த்த இடங்கள் அல்ல, நின்று பார்த்த இடங்கள்.

இது புரிந்தபின் அப்பாவின் பழைய ஆல்பம் வேறு மாதிரி தெரிந்தது. அவரிடம் ஆக்ஃபா க்ளிக் 3 கேமரா இருந்தது. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படம். ஸ்கேன் செய்துவைத்த 86 படங்களில் அப்பா இருப்பது இரண்டில்தான். சின்ன வயதில் இது ஒரு குறையாகவே பட்டது. எல்லா ஊரிலும் அம்மா இருக்கிறாள், சித்தி இருக்கிறாள், நான் இருக்கிறேன். அவர் மட்டும் எங்கும் போகாதவர் போல.

காகிதப் படத்துக்கு எக்ஸிஃப் ஏது? ஒவ்வொன்றையும் கையால்தான் வரைபடத்தில் வைக்க வேண்டும். அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன்.

“இது எங்கம்மா?”

“கன்னியாகுமரிடா. நீ பிறக்கறதுக்கு முந்தின வருஷம்.”

1984. பின்னால் விவேகானந்தர் பாறை மட்டும் இருக்கிறது. வள்ளுவர் சிலை 2000-இல்தான் வந்தது. அம்மா வாய்விட்டுச் சிரிக்கிறாள். அவள் காலடியில், மணலில், நீளமாக ஒரு நிழல்.

“அப்பா எங்க நின்னாரு?”

இந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தாள்.

“பாறையும் நானும் சேர்ந்து விழணும்னு பின்னாலேயே நகர்ந்து போனார். பாசிமணி விக்கறவ கூடையில இடிச்சுட்டார். மணியெல்லாம் மணல்ல. அவ போட்ட சத்தத்துலதான் நான் சிரிச்சேன். அஞ்சு ரூபா கொடுத்துட்டு வந்தோம்.”

அந்தச் சிரிப்பைப் பல வருஷமாகப் பார்த்திருக்கிறேன். அதன் காரணம் படச்சட்டத்துக்கு வெளியே நின்றிருக்கிறது.

படத்தில் இருப்பவர்களைத்தான் அங்கே இருந்தவர்களாக எண்ணுகிறோம். பந்தியில் உட்கார்ந்தவர்களை நினைவிருக்கும், பரிமாறியவர் முகம் மறந்துவிடும். ஆனால் நாம் நன்றாக விழுந்த ஒவ்வொரு படத்திலும், நமக்காக யாரோ நாலடி பின்னால் நகர்ந்திருக்கிறார்கள். என் மகள் நாளைக்கு என் படங்களைப் புரட்டி, “அப்பா எங்கே?” என்று கேட்டால் இனி வருத்தமில்லை. புள்ளிகளைக் காட்டுவேன்.

அந்தக் கன்னியாகுமரிப் படத்துக்குக் கரையோரம் ஒரு புள்ளி வைத்தேன். அட்சரேகையின் தசமத்தில் நான்காம் இலக்கம் ஒன்று மாறினால் வடக்கு தெற்காகப் பதினோரு மீட்டர் தள்ளிப்போகும். அவ்வளவு துல்லியத்துக்கு யாரிடம் போவது? இது போதும் என்று சேமிக்கப் போனேன்.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்தாள்.

“இன்னும் கொஞ்சம் பின்னால தள்ளி வைடா. நிழல் எவ்வளவு நீளம் பாரு.”