எண் எங்கே உளது?

ஒரு மரத்தில் ஏழு கனிகள் தொங்குகின்றன. கனிகள் அங்கே உள்ளன. அவற்றின் நிறமும் சுவையும் அங்கே உள்ளன. 'ஏழு' என்பதும் அங்கேயே உளதா? அன்றி, எண்ணுபவனுடைய உள்ளத்தில் தோன்றி அவன் நாவில் ஒலிக்கும் சொல் மாத்திரமா? மக்கள் யாவரும் மறைந்த பின்னும் ஏழு ஏழாகவே நிற்குமா? சிறுபிள்ளை வினாப்போல் தோன்றினும், அறிஞர் பலரை நெடுங்காலம் அலைக்கழித்த வினா இது.

நம் நாட்டு வைசேடிகர் இதற்கு நுட்பமானதொரு விடை கண்டனர். எண் என்பது பொருள்களைச் சார்ந்து நிற்கும் குணம் என்பது அவர் கொள்கை. ஒருமை ஒவ்வொரு பொருளிலும் தானே உளது. இருமை முதலியனவோ, 'இது ஒன்று, இது ஒன்று' எனச் சேர்த்து நோக்கும் அறிவினால் பிறக்கின்றன. அவ்வறிவு நீங்க அவையும் நீங்கும். அந்த அறிவுக்கு அபேட்சாபுத்தி என்று பெயரிட்டனர். எண்ணப்படும் பொருளுக்கு வேறாக எண் என்றொரு குணம் உண்டென்பதை, எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த பௌத்த ஆசிரியர் சாந்தரட்சிதர் தம் தத்துவ சங்கிரகத்தில் மறுத்தார்.

மேனாட்டிலோ இதற்கு நேர் எதிரான கொள்கையும் உண்டு. சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராயிருந்த இராமானுஜனின் மேதைமையை உணர்ந்து, அவர் 1914-இல் கேம்பிரிட்ஜ் செல்லக் காரணமாயிருந்தவர் ஹார்டி. கணித உண்மைகள் நமக்குப் புறம்பே நிலைபெற்றுள்ளன, நாம் அவற்றைப் படைப்பதில்லை, காண்கிறோம் என்று அவர் 1940-இல் வெளியிட்ட நூலில் வற்புறுத்தினார்.

இவற்றுள் எது பொருந்தும்? ஒரு பூமாலையைக் கொள்வோம். அது எத்தனை? மாலை என நோக்கின் ஒன்று. மலர் என நோக்கின் நூறு. இதழ் என நோக்கின் இன்னும் பல. பொருள் மாறவில்லை; எண் மாறிவிட்டது. எனவே, எதனை ஒன்றெனக் கொள்வது என வரையறுக்குமுன் ஒருமையும் இல்லை, பன்மையும் இல்லை. மொழிக்கும் இதில் பங்குண்டு. அமேசான் காட்டில் வாழும் பிரஹான் மக்களின் மொழியில் திட்டமான எண்ணுப்பெயர்கள் இல்லை என்பர். கண்முன் உள்ள பொருள்களுக்கு ஒன்றுக்கொன்றாக இணைவைக்க அவர்கள் வல்லர். பொருள்களை மறைத்தபின் தொகையை நினைவிற் கொள்வதில் தடுமாறுகின்றனர் என 2008-இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. எண்ணுப்பெயர் நினைவுக்கு ஊன்றுகோல்.

இதனால் எண் வெறுங் கற்பனை என்று முடிவு கட்டலாமோ? ஆகாது. 13,62,79,841 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வரும் தொகையில் ஒன்றைக் கழித்தால் கிடைப்பது பகா எண் என 2024-இல் கணிப்பொறிகளின் துணைகொண்டு கண்டனர். அதனை எழுதினால் 4,10,24,320 இலக்கங்கள் நிற்கும். எவர் உள்ளமும் அதனை முழுதும் அடக்கியதில்லை. 2023-இல் பகுபடும் எண்ணாயிருந்து, மறு ஆண்டில் அது பகா எண்ணாக மாறியது என்று எவரேனும் கூறுவரோ? பெருக்கல் இன்னது, பகுத்தல் இன்னது என விதி வகுத்தவர் மக்களே. ஆனால் விதி வகுத்தபின், விடை அவர்தம் விருப்பத்திற்கு அடங்கியதன்று.

அபிதம்ம நூலோர் பஞ்ஞத்தி என்பது இங்கே துணைபுரிகின்றது. வழக்கின் பொருட்டு வகுத்துக்கொண்ட பெயரும் கருத்துமே பஞ்ஞத்தி. அது பொய் என்று பொருள்படாது. அச்சு, உருளை முதலியவற்றின் கூட்டுக்கு இட்ட பெயரே தேர் என்று நாகசேனர் மிலிந்த மன்னருக்கு விளக்கினார். எனினும் மன்னர் தேரில் வந்தது மெய்யே. எண்ணும் அத்தகையதே என்பது நம் துணிபு. வரையறை நம்முடையது, அதற்கு விடை தருவது உலகம்.

இஃது ஏட்டளவில் நிற்கும் வாதமன்று. 1943-இல் வங்காளத்தைப் பஞ்சம் வாட்டியது. மாண்டவர் ஏறத்தாழ 15 இலட்சம் என அரசாங்கம் அமைத்த விசாரணைக்குழு 1945-இல் கணித்தது. பிற்காலத்தில் ஆராய்ந்த அமர்த்தியா சென் ஏறத்தாழ 30 இலட்சம் என்றார். கிராமத்துச் சாவுகள் பல பதிவேட்டில் ஏறவேயில்லை. பசியால் மாண்டவரை மட்டும் கொள்வதா, பசியைத் தொடர்ந்த காலராவாலும் மலேரியாவாலும் மாண்டவரையும் கொள்வதா, எந்த ஆண்டுவரை கொள்வதா என்பவற்றை வரையறுப்பவர் நாமே. ஆயின் வரையறுத்தபின், மாண்டவர் தொகை எந்த எழுத்தனின் பேனாவையும் எதிர்நோக்கி நிற்பதில்லை. எண் முற்றும் மனத்தின் படைப்பே எனின், எண்ணப்படாது மாண்டவருக்குத் தொகையே இல்லை என்றாகும். ஆள்வோர் எழுதியதே உண்மையாகிவிடும். எண் முற்றும் புறத்தே உளது எனின், யாரைக் கணக்கிற் சேர்ப்பது என்பதைத் தேர்ந்தவர், 'எண் தானே சொல்லிற்று' எனத் தப்பித்துக்கொள்வர்.

ஆகவே எண்ணுவோர்க்கு இரண்டு கடமைகள் உள. யாரை எண்ணுகிறோம், யாரை விடுகிறோம் என்பதை மறைக்காது கூறல் ஒன்று; கூறியபின், வந்த விடையைத் திரிக்காது ஏற்றல் மற்றொன்று. முன்னது கருணையின்பாற்பட்டது, பின்னது வாய்மையின்பாற்பட்டது.