தோலின் குரலும் கையின் பெயரும்

மார்கழி பிறந்தால் மயிலாப்பூரின் காற்றே மாறிவிடுகிறது. விடியலில் மாட வீதிகளில் பஜனை. மாலையில் மியூசிக் அகாடமி தொடங்கித் தியாகராயநகர் வாணி மகால் வரை கச்சேரிகள். சாந்தோம் பேராலயத்தில் திருவருகைக் காலத் திருப்பலி கண்டு, மாலையில் சபாவுக்குச் செல்லும் கத்தோலிக்கரும் நம்மிடையே உண்டு. மாயூரம் வேதநாயகம் பிள்ளை என்னும் கத்தோலிக்கரின் கீர்த்தனைகள் மேடையேறியதைச் சுட்டிக்காட்டி, இசைக்கு மதம் இல்லை என்று நாம் மகிழ்கிறோம். ஆனால், இசைக்குச் சாதியும் இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா?

கச்சேரி மேடையில் உள்ள மிருதங்கத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் உடல் பலாமரம், குரல் தோல். பசு, எருமை, ஆடு ஆகியவற்றின் தோல்கள் சேர்ந்தே அந்த நாதம் பிறக்கிறது. தோலைத் தேர்ந்து, அளவறிந்து அறுத்து, வார் பிடித்து, கல்பொடியும் சோறும் கலந்த கருஞ்சாந்தை அடுக்கடுக்காகத் தேய்த்துச் சுருதியை வரவழைக்கும் கைகள், தலைமுறைகளாகப் பெரும்பாலும் தலித் மக்களின் கைகள். அவர்களுள் பலர் கிறிஸ்தவர்கள். தஞ்சாவூர்ச் செவித்தியான் குடும்பம் இக்கலையில் புகழ்பெற்றது. செவித்தியான் என்பது நம் புனித செபஸ்தியாரின் பெயரே. அக்குடும்பத்தைச் சேர்ந்த பர்லாந்து, பாலக்காடு மணி ஐயருக்கு நெடுங்காலம் மிருதங்கம் செய்து கொடுத்தவர். மணி ஐயரின் பெயரை இசையுலகம் அறியும். பர்லாந்தின் பெயரை எத்தனை பேர் அறிவோம்?

இவர்களின் வாழ்வைப் பாடகர் டி. எம். கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்டு சன்ஸ்’ என்னும் ஆங்கில நூலாக 2020-இல் வெளியிட்டார். வெளியீட்டு விழாவுக்கு அளித்திருந்த அனுமதியை, 1936-இல் அடையாற்றில் தோன்றிய கலாக்ஷேத்ரா நிறுவனம் கடைசி நேரத்தில் திரும்பப் பெற்றது. விழா, தரமணியிலுள்ள ஆசிய இதழியல் கல்லூரியில் நடைபெற்றது.

அரங்கக் கதவு மூடப்படும் கதை உலகுக்குப் புதிதன்று. 1939-இல் வாஷிங்டன் நகரின் பெரிய இசையரங்கம் ஒன்று, கறுப்பினத்தவர் என்பதற்காகவே மரியன் ஆண்டர்சன் என்னும் ஒப்பற்ற பாடகிக்கு இடம் தர மறுத்தது. அவ்வாண்டு ஏப்ரல் 9, உயிர்ப்புப் பெருவிழா ஞாயிறன்று, லிங்கன் நினைவகத்தின் முன் திறந்தவெளியில் அவர் பாடினார். ஏறத்தாழ 75,000 பேர் கூடிக் கேட்டனர். அங்கே குரலுக்கும் தடை, குரலுக்குரியவருக்கும் தடை. நம்மிடம் நடப்பது இன்னும் நுட்பமானது. கையின் உழைப்பு மேடை ஏறுகிறது, கைக்குரியவர் ஏறுவதில்லை.

“கலையில் தகுதி ஒன்றே அளவுகோல்” என்பர் சிலர். நல்ல கொள்கைதான். ஆனால், வாசல்வரை வர வாய்த்தவரின் தகுதியை மட்டுமே அந்த அளவுகோல் அளக்கிறது. சுருதி இம்மியளவு பிசகினாலும் கண்டுபிடிக்கும் செவி, வாசிப்பவரிடம் இருந்தால் வித்துவம். செய்பவரிடம் இருந்தால் கைவேலை. இப்பெயர்களைச் சூட்டியவர் யார்?

அப்படியானால், செய்தவரை அழைத்துப் பொன்னாடை போர்த்தினால் போதுமா? போதாது என்றே கருதுகிறோம். பிறப்பு சுமத்திய தொழிலைப் போற்றுவதிலும் ஓர் ஆபத்து உண்டு, போற்றுதலே விலங்காகிவிடலாம். மிருதங்கம் செய்பவரின் மகன் அதை வாசிக்கவும், விரும்பினால் அத்தொழிலையே விட்டுச் செல்லவும் உரிமை பெறவேண்டும். தம் கதையைத் தாமே சொல்லும் மேடையும் வேண்டும். 2015-இல் பெசன்ட் நகர் ஊரூர் ஆல்காட் குப்பத்து மீனவர் தெருவில் கருநாடக இசையும் பறையும் ஒரே விழாவில் ஒலித்தன. 2020-இல் இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் ‘மார்கழியில் மக்களிசை’யைத் தொடங்கியது. முன்னது விருந்துக்கு அழைப்பது. பின்னது தம் வீட்டிலேயே உலை வைப்பது. இரண்டும் தேவை. ஆயினும் மனிதனுக்கு மாண்பு முழுமையாய்த் திரும்புவது இரண்டாவதில்தான்.

சபாக்களைக் குறைகூறி நாம் கைகழுவிவிடலாகாது. நம் ஊர்த் திருவிழாக்களை எண்ணிப் பார்ப்போம். தேருக்கு முன்னே பறை முழங்கிச் செல்கிறது. முழக்கியவர்களின் தெருவுக்குள் அத்தேர் நுழையாத ஊர்கள் இருந்திருக்கின்றன. கல்லறையிலும் சாதி பார்த்தவர்கள் நாம். திருச்சபைக்குள்ளும் சாதிப் பாகுபாடு நிலவுவதை இந்திய ஆயர் பேரவையே 2016-இல் வெளியிட்ட கொள்கை ஆவணத்தில் ஒளிவுமறைவின்றி ஏற்றுக்கொண்டது. பல உறுப்புகள் கொண்ட ஒரே உடல் என்று திருச்சபையை விளக்கிய புனித பவுல், உடலில் மதிப்புக் குறைந்தவையாய்த் தோன்றும் உறுப்புகளுக்கே மிகுந்த மதிப்பளிக்கச் சொன்னார். நாமோ கையின் இசையை ஏற்றுக் கையை ஒதுக்கினோம்.

இனி மிருதங்கம் ஒலிக்கையில், அதைச் செய்தவர் யார் என்று கேட்போம். அடுத்த திருவிழாவுக்குப் பறையிசைக் குழுவை அழைக்கையில், கூலி பேசுவதோடு நில்லாமல், விழாக் குழுவிலும் அவர்களுக்கு இருக்கை இடுவோம். அந்த இருக்கை நாம் போடும் பிச்சையன்று. நெடுங்காலமாய் நாம் திருப்பித் தராதிருக்கும் கடன்.