தகட்டில் அச்சான புத்தகங்கள்

சீனாவின் தியான்ஜின் நகரில் 2017 அக்டோபரில் திறக்கப்பட்ட பின்ஹாய் நூலகத்தின் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நடுவில் வெள்ளைக் கோளம். அதைச் சுற்றித் தரையிலிருந்து கூரை வரை அலை அலையாய்ப் புத்தக அடுக்குகள். 12 லட்சம் நூல்கள் கொள்ளுமாம். வாய் பிளந்து பார்த்தவர்கள் சற்று நெருங்கிப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. மேல் அடுக்குகளில் இருப்பவை புத்தகங்களே அல்ல. அலுமினியத் தகட்டில் அச்சடித்த புத்தக முதுகுகள்! கட்டும் அவசரத்தில் அந்த உயரத்துக்குப் போகும் வழியைக் கைவிட்டுவிட்டார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்போம். இங்கே ஏடே வெறும் படம்.

இதற்குத் தணிக்கை காரணமல்ல, உண்மை. ஆனால் எந்தப் புத்தகம் அச்சேறலாம் என்பதை அரசு தீர்மானிக்கும் நாட்டில், அந்தத் தகடுகளைச் சும்மா பார்த்துவிட்டு நகர முடியவில்லை. கட்டடம் எழுப்பப் பணம் போதும். அலமாரியில் எதையும் வைக்கலாம் என்று விட்டுவிடத்தான் துணிச்சல் வேண்டும்.

சீனத் தலைவர்களைப் பற்றிய நூல்களை ஹாங்காங்கில் வெளியிட்டு வந்தவர் குய் மின்ஹாய். 2015-இல் தாய்லாந்தில் காணாமல் போனார். பிறகு சீனக் காவலில் இருப்பது தெரியவந்தது. வெளிநாட்டுக்கு ரகசியத் தகவல் கொடுத்தார் என்று குற்றம் சாட்டி, 2020-இல் அவருக்குச் சீன நீதிமன்றம் விதித்த தண்டனை: 10 ஆண்டுச் சிறை.